எல்லோரும் ஏறினால்தான் புறப்படும்

பழைய வகுப்பின் தொலைபேசிக் குழுவில்தான் செய்தி வந்தது: "குணசீலன் சேர் போயிட்டாருங்க." யாழ்ப்பாணத்திலிருந்து அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பக்கம் வந்து, எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பித்த எனக்கு, வாய்விட்டுச் சண்டை பிடிக்கக் கிடைத்த ஒரே ஆள். இனி யாரோடு மல்லுக்கட்டுவது?

எரிபொருள் இல்லாமல் பஸ் நின்று, பாடசாலையும் மூடிக் கிடந்த நாட்களில் அவர் தொலைபேசியில் வாசிப்பு வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "விளையாட்டாக்கினால் வருவினம், இருந்து பாருங்கோ டீச்சர்," என்றார். ஒரு பந்தி வாசித்தால் ஒரு கூடை கொழுந்து. நிறைய வாசித்தால் முழுநாள் கணக்கு, முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துச் சொற்களைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கியிருந்தார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் கவிதாவுக்கு அரைப்பேர் விழுந்தது. உடனே திரையில் அவள் தாயின் முகம் வந்தது. "கொழுந்து கொறைஞ்சா எங்களுக்கு அரைப்பேரு, அரைச் சம்பளம். எம் புள்ளைக்கும் அதையே போடுறீங்களா சேர்? இனிமே அவ வரமாட்டா."

நானாயிருந்தால் நாலு நாள் ஆறப்போட்டிருப்பேன். அவர் அன்றைக்கே மழையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நடந்தார். புறுபுறுத்துக்கொண்டே நானும் போனேன். வாசலில் நின்று, "பிழை என்ரைதான் அம்மா. சொல்லை மட்டும் கேட்டன், அதின்ரை நோவைக் கேக்கேல்லை. பிள்ளையை மறிக்காதேங்கோ," என்றார்.

"அப்ப வேற வெளையாட்டு வைங்க," என்றார் தாய், முகம் கொடுக்காமல்.

என்ன விளையாட்டு வேண்டுமென்று சேர் கவிதாவிடமே கேட்டார். "ஹட்டன் பஸ்ஸு சேர்!"

மறுநாள் திரையில் ஒரு பஸ் வரைந்திருந்தார். ஒரு வசனம் வாசித்தவர் ஏறலாம். எல்லோரும் ஏறினால்தான் பஸ் அடுத்த தரிப்புக்குப் போகும். தடுமாறுபவருக்காக மற்றவர்கள் வாசிக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். கவிதாவின் முறை வந்தது. ஒரு சொல்லில் சிக்கி நின்றாள். "மெதுவா வா கவி, பஸ்ஸு நிக்குது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வசனத்தை அவள் முடித்ததும் பின்னாலிருந்து தாயின் குரல்: "வாசிச்சிட்டாளா?" அதன்பின் அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. விளையாட்டால் வாசிப்பு வராது என்று இனி யாராவது என்னிடம் வந்து சொல்லட்டும், பார்ப்போம்.

நேற்று அஞ்சலிக் கூட்டத்தில் உரையை வாசித்தவள் கவிதாதான். அவர் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை. மண்டபமே காத்திருந்தது. அவளே வாசித்தாள். அந்தப் பொறுமைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, அதை விடமாட்டேன்.