ஒன்பதாம் நம்பர் செருப்பு

ஜனவரி முதல் வாரத்தில் நான் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மளிகைக் கடைக்காரர் கொடுத்த போன வருடத்துத் தினசரி காலண்டரில் தாளெல்லாம் கிழிந்துபோய் அட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ‘இந்த ஆண்டு இலக்குகள்’ என்று எழுதிக் கீழே கோடு போடுவேன். எழுதி முடித்ததும் பீரோவுக்குப் பின்னால் செருகிவிடுவேன். முன்பக்கம் சாமி படம் இருப்பதால் தூக்கிப் போடவும் மனம் வராது. இப்படி ஏழு அட்டைகள் சேர்ந்துவிட்டன.

இலக்குகள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை. நான் எடுக்கும் புகைப்படங்களை நாலு பேர் பார்க்க வேண்டும், வாங்க வேண்டும், வீட்டில் மாட்ட வேண்டும். சோறு போடுகிற படங்களைச் சொல்லவில்லை. அவற்றுக்குக் கிராக்கி எப்போதும் உண்டு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு என்னைவிட்டால் வழியில்லை. நான் சொல்வது எனக்காக எடுக்கும் படங்களை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், வெளிச்சம் வந்த பிறகு, கிரிவலப் பாதைக்குப் போவேன். லட்சம் பேர் நடந்துவிட்டுப் போன ரோடு அப்போது ஒரு மாதிரி களைத்துக் கிடக்கும். நசுங்கிய டீ கப், யாரோ சாய்ந்து உட்கார்ந்ததில் எண்ணெய்க் கறை படிந்த சுவர், விட்டுப்போன செருப்புகள். துப்புரவுப் பணியாளர்கள் கூட்டிக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் போய்விட வேண்டும். வெறும் காலோடு நடப்பதற்காக எங்கெங்கோ செருப்பைக் கழற்றி விடுகிறவர்கள், பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்த பிறகு விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தச் செருப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் படம் எதிலும் மலை இருக்காது. அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. மலைக்கு என் விளம்பரம் தேவையில்லை என்பேன்.

முதல் வருட அட்டையில் ஒன்பது இலக்குகள் இருந்தன. சென்னையில் ஒரு கண்காட்சி. சொந்தமாக ஒரு வெப்சைட். இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு படம். இருபது பிரிண்ட் விற்பனை. மற்றவை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. சென்னையில் மூன்று கேலரிகளுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர்கூட வேண்டாம் என்று பதில் போடவில்லை. வேண்டாம் என்று சொல்லவாவது ஒரு ஆள் படத்தைப் பார்த்திருக்க வேண்டுமல்லவா? இன்ஸ்டாகிராமில் அக்கா மகள் எல்லாப் படத்துக்கும் ஒரு இதயம் போட்டுவிடுவாள். படம் ஏறிய அரை நிமிடத்தில் போட்டுவிடுவாள், அதனால் பார்க்காமலே போடுகிறாள் என்று தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு காபிக் கடையில் கெஞ்சி நாலு படம் மாட்டினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது நாலும் கல்லாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தது. “சாப்புட்ற எடத்துல செருப்பு எதுக்குங்கன்னு கேக்குறாங்க சார். மலை போட்டோ இருந்தா குடுங்க, பெருசா மாட்டிடலாம்,” என்றார் கடைக்காரர். கோபத்தில் காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். வரும் வழியில் காபி நன்றாக இருக்குமே என்று தோன்றியது வேறு விஷயம்.

அக்கா சென்னையில் இருக்கிறாள். எனக்கென்று இருக்கும் ஒரே உறவு அவள்தான். அம்மா போன பிறகு அவளுடைய போன் வந்தால்தான் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். “செருப்பு போட்டோவ யாருடா வீட்ல மாட்டுவா? வெளக்கேத்துற வீடுடா,” என்பாள். கல்யாணப் பேச்சை விட்டுவிட்ட பிறகு அவளுக்கு என்னைத் திட்ட இது ஒன்றுதான் மிச்சம்.

வருடா வருடம் பட்டியல் சுருங்கியது. வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் வீடியோ ஒன்றில், இலக்கு என்றால் அது அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். அது சரியென்று பட்டது. ஏழாவது அட்டையில் ஒரே வரிதான் எழுதினேன்: ‘முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சுவரில் என் படம் ஒன்று.’ இதைவிடக் குறைக்க முடியாது. இதுவும் நடக்காவிட்டால் அந்தப் படங்கள் எடுப்பதையே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை.

கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே எனக்குப் பிடித்த மூன்று படங்களை மாட்டியிருந்தேன். அதுவும் ஒரு வியாபார யோசனைதான். போட்டோவுக்கு உட்காரும் முன் எல்லோரும் சீப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார்கள், பவுடர் போடுவார்கள், அப்போது நிமிர்ந்து பார்க்கத்தானே வேண்டும்? பார்க்கவில்லை. கண்ணாடி முன் நிற்கிறவர்களுக்குத் தங்கள் முகத்துக்கு மேலே ஒரு உலகம் இருப்பது தெரியாது.

போன வருடம் கார்த்திகை தீபம் முடிந்து ஊர் காலியாகிக் கிடந்த ஒரு திங்கட்கிழமை. மனு கொடுக்கும் நாள் என்பதால் கடையில் மட்டும் கொஞ்சம் கூட்டம். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்றார். விதவை உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்க போட்டோ வேண்டும். கண்ணாடி முன் நின்று தலையைத் தடவிக்கொண்டவர் அப்படியே நிமிர்ந்தார். சீப்பு கையிலேயே இருந்தது. அடுத்து நின்றவர், “சீக்கிரம்மா,” என்றார். அந்த அம்மா நகரவில்லை.

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு ஆள் என் படத்தின் முன் நிற்கிறார். பக்கத்தில் போய், “வெயில் அந்த சுவத்து மேல சாஞ்சி விழுதில்லீங்களா, அதுக்காகவே ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்மா,” என்றேன்.

“இது எங்கூட்டுக்காரர் செருப்பு,” என்றார் அவர்.

நீல ரப்பர் செருப்பு. ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி ஒழுங்காகச் சேர்த்து விடப்பட்டிருந்தது. வலது செருப்பின் வார் அறுந்து மஞ்சள் நூலால் தைக்கப்பட்டிருக்கும்.

“மல்லாட்ட மூட்ட தெக்கிற நூலு தம்பி. நான்தான் கோணி ஊசில தெச்சேன். பாருங்க, மூணு தையலு. யாரோ எடுத்துகினு பூட்டாங்கன்னு சொன்னாரு. ஒரு செருப்ப பாத்துக்க துப்பில்லன்னு ஒரு வாரம் திட்டுனேன்.” படத்தை இன்னொருமுறை பார்த்தார். “யாரும் எடுக்கல. அங்கியேதான் கெடந்திருக்குது. எங்க உட்டோம்னு அவருதான் மறந்துட்டாரு.”

அவர் அழவில்லை. அந்த ஒரு வாரத்துத் திட்டுதான் முகத்தில் இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். போட்டோ எடுத்து முடித்ததும் கேட்டார்: “இதுல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுக்க முடியுமா? அவரு கால் அளவுக்கே வரணும். ஒம்போதாம் நம்பர்.”

முகத்தை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. செருப்பை அப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் செருப்புக் கடைக்கு ஸ்கேலோடு போனேன். ஒன்பதாம் நம்பரை எடுத்து நீளம், அகலம், வாருக்கு வார் இடைவெளி எல்லாம் குறித்துக்கொண்டேன். “வாங்க வந்தீங்களா, அளக்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர். அளக்க என்றேன்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. லேபில் பிரிண்ட் போடும் தாளில் செருப்பு அசல் அளவுக்கு வர வேண்டுமென்றால் மற்றதெல்லாம் வெளியே போக வேண்டும். சுவர் போனது. கேட்டின் நிழல் போனது. நான் காத்திருந்து பிடித்த வெயிலில் ஒரு துண்டு மட்டும் இடது செருப்பின் குதிகாலில் மிஞ்சியது. என்னுடையது என்று நான் நினைத்த எல்லாவற்றையும் நானே வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு செருப்பை மட்டும் லேபுக்கு அனுப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வலித்தது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வந்தார். படத்தை மேஜைமேல் விரித்தேன். வலது செருப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் நுனி, கணவருடைய கால் பெருவிரல் தேய்த்த பள்ளத்தில் போய் நின்றது. “செரியா இருக்குது,” என்றார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவேயில்லை. பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உண்டான அதே தொகையை நீட்டினார். அதுதான் என் விலை என்று நினைத்துவிட்டார். சும்மாவே கொடுத்திருக்கலாம். வாங்கிக்கொண்டேன். முதல் விற்பனை என்று இருக்கட்டும் என்ற ஆசை, வேறென்ன.

“எந்தச் செவுத்துல மாட்டப் போறீங்கம்மா?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“செருப்ப யாராச்சும் செவுத்துல மாட்டுவாங்களா தம்பி? பீரோவுல அவரு வேட்டிக்கு அடியில வெச்சிக்குறேன்.” படத்தைச் சுருட்டி, மனுவோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். படம் நன்றாக எடுத்திருக்கிறேன், ஒளியைப் பிடித்திருக்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் யாரும் எந்தப் படத்தையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் என் செருப்பைக் கழற்றும்போது கை அப்படியே நின்றுவிட்டது. பழுப்புத் தோல் செருப்பு. இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். போன மழையில் பிய்ந்த அடிப்பாகத்தை நானே பசை போட்டு ஒட்டியிருந்தேன். இது கிரிவலப் பாதையில் கிடந்தால், யாராவது அதைப் படம் எடுத்து எங்காவது ஒரு கண்ணாடிக்கு மேலே மாட்டினால், இது இன்னாருடையது என்று சொல்ல உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஏழு வருடமாக என் படங்களைப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். தேடியது அதுவல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஜனவரியிலும் அட்டையைத் திருப்பிப் போட்டேன். தலைப்பு எழுதிக் கோடும் போட்டுவிட்டேன். சுவர் என்று எழுதிய போன வருட இலக்கு நிறைவேறியதா இல்லையா என்பதே எனக்குத் தீர்மானமாகவில்லை, பிறகு புதிதாக என்ன எழுதுவது? பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா போன் செய்தாள். பொங்கலுக்கு வருகிறாயா, மகளுக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்குச் சளி என்று வழக்கம்போல ஓடியது பேச்சு.

நடுவில் கேட்டேன். “அக்கா, என் செருப்பு இன்னா கலருன்னு சொல்லு பாப்போம்.”

“இன்னாடா ஆச்சு உனக்கு? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?”

“சும்மா சொல்லு.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. அவள் நிஜமாகவே யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் வந்து நிற்பதையும், அவள் வீட்டு வாசலையும், அங்கே கழற்றி விட்டதையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள்.

“கறுப்பு,” என்றாள். “கறுப்புதானடா? செரியா சொல்லிட்டனா?”

நான் வாசலைப் பார்த்தேன்.

“ஆமாக்கா,” என்றேன். “கறுப்புதான்.”