எட்டாம் அறையில் விசா நேர்காணல்

ஜேர்மனியில், பான் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். எட்டாம் அறையில் இருப்பவர் முப்பது வருடத்துக்கு மேல் அமெரிக்கத் தூதரகங்களில் வேலை பார்த்தவர். இங்கேயே ஓய்வுபெற்று, ஜேர்மன் மனைவியைப் பறிகொடுத்து, கடைசியில் ஞாபகத்தையும் தொலைத்துவிட்டார். மற்ற நேரம் என்னுடன் ஜேர்மன் பேசுவார். காலைச் சாப்பாட்டுத் தட்டைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறி, என்னை விசா கேட்டு வந்தவளாக்கிவிடுவார்.

"பயணத்தின் நோக்கம்?"

எனக்கோ வேலை தலைக்கு மேல் கிடக்கும். அவருடைய இரத்த அழுத்தம் குறிக்கும் கொப்பியைக் கடவுச்சீட்டாக நீட்டுவேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போவீர்களா?" என்று கேட்பார். வேண்டுமென்றே இல்லை என்பேன். "மன்னிக்கவும், தர முடியாது." அதற்குப் பிறகுதான் முட்டையை உடைப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவருடைய மகள் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கும்வரைதான் அந்தச் சிரிப்பு. சைகோன், நைரோபி, பிறகு கொழும்பில் விசாப் பிரிவு. என் அண்ணை அங்கே விசா கேட்டுப் போன அதே வருடங்கள்.

அண்ணைக்கு விசா கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். அடுத்த மாதம் கடைக்குப் போனவர் இன்றுவரை வரவில்லை.

அன்று விசா யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது இவரா, வேறு யாராவதா? இவர்தான் என்றால் நான் என்ன செய்வது? இந்தக் கையால்தான் இவருக்குச் சவரம் செய்கிறேன். ஆத்திரப்பட்டுக்கொண்டே போர்வையையும் இழுத்து மூடிவிட்டேன். எனக்கே என்னை விளங்கவில்லை.

வீட்டில் சொன்னேன். "அந்தாளுக்கு இப்ப ஒண்டும் ஞாபகமில்லை. நீர் ஏன் கிடந்து குழம்புறீர்?" என்றார் கணவர்.

"எனக்கு ஞாபகம் இருக்குத்தானே."

ஒருநாள் காலை பொறுக்க முடியாமல், அண்ணையின் இடத்தில் நின்று பதில் சொன்னேன். அமெரிக்காவில் படிக்கப் போகிறேன் என்றேன்.

"திரும்பிப் போவீர்களா?"

"கட்டாயம் திரும்புவேன்."

அவர் முட்டையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொப்பியில் முத்திரை குத்தினார். "இவ்வளவுதான். இதைச் சொன்னால் போதும்," என்று சந்தோஷமாகச் சிரித்தார்.

அண்ணை அந்த யன்னலில், எங்கள் ஊரில் சண்டை, திரும்ப மாட்டேன் என்று சொன்னவர். கொழும்புக்கு அவர் பஸ் ஏறும்போது, "பொய் சொல்லாதேங்கோ அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ," என்று சொல்லி அனுப்பியவள் நான்.