இராசு அண்ணை எங்கள் வீட்டுக்குள் வந்த நாள்

இராசு அண்ணை போய்விட்டார்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தவராம்... பிறகு எழும்பவில்லை. செத்த வீட்டுக்குப் போய் இப்போதுதான் திரும்பினேன். இன்னும் குளிக்கவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் குளிப்பேன்.

ஏனென்றால் வரும் வழியில் போனில் ஒரு போஸ்ட் பார்த்தேன். லண்டனில் இருக்கும் என் கணவரின் தம்பி போட்டது. "எங்கள் வீட்டில் ஒருவராக வந்து போன இராசு அண்ணைக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட இமோஜிகள்.

ஒருவராகவாம்! வந்து போனவராம்! வாய் கூசாதா?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இராசு அண்ணை எங்கள் ஊர்ச் சந்தியில் ஹயர் கார் வைத்திருந்தவர். பழைய மொறிஸ் மைனர். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, எதற்கும் அவர்தான். ஆனால் எங்கள் வீட்டுப் படலையோடு, தெருவாசல் கதவோடு, அவர் நின்றுவிட வேண்டும். சாதி. பூசி மெழுகாமல் எழுதுகிறேன், இது சாதி.

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டைக்காலம், எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வரத் தடை. ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார். கார் போன பிறகும் ஒழுங்கை முழுக்கப் புகை நிற்கும்.

என் மகள் வதனிக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய அப்பா சவூதியில். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு மாமா மாமியோடு இருந்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, உடம்பெல்லாம் சின்னமுத்து போட்டது. அம்மாள் வந்துவிட்டா என்று மாமா படலையில் வேப்பிலை கட்டிவிட்டார். கட்டினால் வெளியார் உள்ளே வரக்கூடாது. பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது. மருந்து கூடாது. முத்தெல்லாம் ஆறி, பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்த பிறகுதான் வேப்பிலையை அவிழ்த்து வீடு கழுவுவது. இதுதான் முறை.

பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை.

"மாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அம்மாள் கோவிச்சால் ஆர் பதில் சொல்லுறது?"

நான் சந்திக்கு ஓடினேன். செருப்பும் போடவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது என்றதுமே இராசு அண்ணை எழும்பினார். போத்தலில் கிடந்த கடைசிப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணினார்.

வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்தாமல் கத்தினார். "ரீச்சர், கார் நிண்டால் திரும்ப எடுக்கப் பெற்றோல் இல்லை. கெதியாப் பிள்ளையைத் தூக்குங்கோ!"

மாமா படலைக்குக் குறுக்கே நின்றார். என்னை உள்ளேயும் விடவில்லை. புகை வந்துகொண்டிருக்கிறது... உள்ளே பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கிறாள்...

இராசு அண்ணை இறங்கினார். வேப்பிலையைத் தலையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முற்றம், விறாந்தை, அறை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"டேய், அம்மாள் இருக்கிற வீடடா!" என்று மாமா கத்தினார்.

"அம்மாள் எண்டால் ஆஸ்பத்திரிக்கும் வருவா ஐயா. காரிலை இடம் கிடக்கு."

ஆஸ்பத்திரியில் மட்டும் என்ன வாழ்ந்தது? எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். வாசலில் நின்ற ஒருவர் எங்களை நிமிர்ந்தும் பார்க்காமல், "துண்டு எடுத்துக்கொண்டு வரிசையிலை வாங்கோ" என்றார்.

"மூச்சு வரிசையிலை நிக்குமோடா?"

இராசு அண்ணை போட்ட சத்தத்தில் டொக்டரே வெளியே வந்துவிட்டார். பிள்ளையைப் பார்த்தவர், வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நியூமோனியா. மருந்து வருவதே பெரும்பாடாக இருந்த நேரம். அவளுக்கு ஊசி மருந்து கிடைத்தது.

"இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று டொக்டர் என் மேல் பாய்ந்தார். பாயட்டும். நானும் யார் மேலாவது பாய வேண்டும் போலத்தான் நின்றேன்.

பிள்ளை தப்பிவிட்டாள்.

துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு விட்ட அன்று இராசு அண்ணையின் காரிலேயே வீட்டுக்கு வந்தோம். படலையில் வேப்பிலை அப்படியே தொங்குகிறது. ஆனால் வீடு கழுவியிருந்தது!

வீடு முழுக்கவும் இல்லை. படலையில் இருந்து முற்றம், விறாந்தை, அறை வாசல் வரை ஒரு தடமாக மஞ்சள் தண்ணீர் காய்ந்த கறை. இராசு அண்ணை நடந்த தடம்.

அம்மாளுக்காக என்றால் வேப்பிலையை அல்லவா முதலில் அவிழ்த்திருப்பார்கள்? யாருக்காகக் கழுவினார்கள் என்று எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது.

"பிள்ளையைப் பிடியுங்கோ ரீச்சர். நான் இதிலை நிக்கிறன்" என்றார்.

அன்றைக்கு நான் மாமாவோடு பிடித்த சண்டை ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் இராசு அண்ணையை உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். மாமா செத்த பிறகும் கூப்பிட்டேன். "வேண்டாம் ரீச்சர், காருக்குள்ளை இருக்கிறன்." அவ்வளவுதான். சந்தியில் நின்று ஊரையே ஏசுகிற மனிதர், எங்கள் படலையில் மட்டும் சத்தமே காட்ட மாட்டார்.

ஆகவே தம்பி, லண்டனில் இருந்து அழுகிறவரே... அவர் உங்களுடைய வீட்டுக்கு வந்து போனவர் இல்லை. ஒரே ஒரு தரம் வந்தார். அதையும் கழுவினீர்கள். அந்த போஸ்டை அழித்துவிடுங்கள்.

இன்றைக்கு வதனியும் என்னோடு வந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். செத்த வீட்டு வாசலில் சனம். எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றாள்.

இராசு அண்ணையின் மனுசி, அந்த அழுகைக்குள்ளும் அவளைக் கண்டுவிட்டா.

"ஆர், வதனியோ? ஏன் பிள்ளை வெளியிலை நிக்கிறாய்? உள்ளை வா."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவருடைய தலைமாட்டில் இருத்தினா.

போய் வாங்கோ அண்ணை.