நாலு சுற்று குறைத்து எழுதின நோட்டு

பிரியமான சபையாரே, நான் நின்று பேசினால் வார்த்தை குழறும். அதனால் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன், என் மகள் எஸ்தர் எழுதுகிறாள்.

போன வருஷம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கும்மிடிப்பூண்டியில் என் கடை ஷட்டரைத் தூக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. விழுந்தேன். கண் திறந்தபோது சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பக்கவாதம் என்றார்கள். வலது கை அசையவில்லை. எல்லாம் புரிந்தது, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ஆனால் வியாதியைவிட ஒரு பொய் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அந்தப் பொய்யை என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

எங்களுடையது மோட்டார் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிற கடை. தாத்தா திருவாலங்காட்டுப் பக்கம் பம்புசெட்டு மோட்டார்களுக்குக் கட்டினார். கம்பெனிகள் வந்தபின் அப்பா கும்மிடிப்பூண்டிக்கு வந்து கடை போட்டார். எரிந்துபோன மோட்டார் வந்தால் பழைய காயிலை அறுத்தெடுத்து, எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன் கம்பி என்று பார்த்து, அதேபோலப் புதிதாகக் கட்ட வேண்டும். அதை நோட்டில் குறித்து வைப்போம். அதே மோட்டார் மறுபடி வந்தால் எண்ணத் தேவையில்லை, நோட்டைப் பார்த்தால் போதும். மூன்று தலைமுறைச் சொத்து என்றால் எங்களுக்கு அந்த நோட்டுதான். அப்பா அதை மேஜைமேல் திறந்தே வைத்திருப்பார்.

அப்பா போனபின் கடை எனக்கும் தம்பி தேவாவுக்கும் வந்தது. எங்களிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் நோட்டை அப்படியே காப்பி பண்ணிக்கொண்டு எதிரிலேயே கடை போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தது தேவாதான் போவான் என்று சந்தேகப்பட்டேன். கம்பெனிக்காரர்கள் அவனைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய நோட்டு கிழிந்துவிட்டது என்று சொல்லிக் கொளுத்திவிட்டு, புது நோட்டு போட்டேன். அதில் ஒவ்வொரு மோட்டாருக்கும் நாலு சுற்று குறைத்து எழுதினேன். ஏன் நாலு? அம்மா, நான், என் சம்சாரம், எஸ்தர். எங்கள் வீட்டில் நாலு பேர் என்று மனதில் வைத்துக்கொண்டேன். தம்பியை எண்ணவில்லை.

அன்றிலிருந்து காயில் சுற்றுகிற மெஷினில் எத்தனை சுற்று என்று வைப்பது என் வேலை மட்டும்தான், நோட்டில் இருப்பதோடு நாலு கூட்டி வைப்பேன். ஒருநாள் நான் ஊரில் இல்லாதபோது தேவா நோட்டைப் பார்த்து ஒரு மோட்டாரைக் கட்டி அனுப்பிவிட்டான். சுற்று குறைந்தால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும், சூடேறி எரியும். ரெண்டே நாளில் திரும்பி வந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வேலையாட்கள் முன்னால், "உனுக்கு இந்தத் தொழிலு வராதுடா, தாத்தா பேரக் கெடுக்காத" என்றேன். அவன் எரிந்த காயிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. செவ்வாப்பேட்டையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. நடுவில் அம்மா இறந்தார்கள். அடக்கத்தில் அம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். நானோ ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்தேன், மற்றவர்கள் வீட்டுச் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணினேன். எஸ்தர் டிப்ளமா முடித்துக் கடைக்கு வந்தாள். அவளுக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தம்பிக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மதியம் எஸ்தர் வந்தாள். முகமெல்லாம் பெருமை. "நைனா, கவலப்படாத. கடைய மூடல. இரும்பு மில்லு மோட்டாரு வந்துச்சு, நோட்டப் பாத்து நானே கட்டிட்டேன். ஸ்பேரு மோட்டாரு கூட இல்லியாம், நாளிக்கிக் காலைல வந்து எட்த்துனு போறாங்க" என்றாள்.

அது உலை சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓட்டுகிற மோட்டார். உலை எரியும்போது அது நின்றால் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் உயிருக்கே ஆபத்து. கடையில் சும்மா ஓட்டிப் பார்த்தால் மீட்டர் கொஞ்சம்தான் கூடுதலாகக் காட்டும், புதிதாகக் கற்றவள் கண்ணில் படாது. பழைய காயிலும் அதற்குள் எடைக்குப் போயிருக்கும். கத்தினேன். "பா... பா..." என்றுதான் வந்தது. இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினேன். "நாலு மணிக்குத்தான் நைனா ஜூஸ் குடுப்பாங்க" என்று என் நெற்றியைத் தடவிவிட்டு, மருந்து வாங்கக் கீழே போனாள்.

ஜெபம் பண்ணினேன். முதலில் பேரம்தான் பேசினேன். ஒரே ஒரு வார்த்தை பேச வையும் ஆண்டவரே, கூட்டத்துக்குக் கூட்டம் உம்மைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நாக்கு அசையவில்லை. அப்புறம்தான் உண்மை வந்தது. ஆண்டவரே, என் தம்பியைத் துரத்தினது நான். என் பேர் நாறினாலும் பரவாயில்லை, நான் ஒளித்ததை நீரே வெளியே கொண்டுவாரும், என் பொய்யால் யாரும் சாகக் கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் நான் நிஜமாகப் பண்ணின முதல் ஜெபம் அதுதான்.

அன்று சாயங்காலம் எஸ்தருக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து கட்டில் கால்மாட்டில் நின்றான். தலை நரைத்திருந்தது. தேவா. என் சம்சாரம் எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். "இன்னாண்ணா, இப்டி ஆயிட்ட" என்றான். நான் நாலு விரலைத் தூக்கினேன். அவன் விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து என் காதோரம் சொன்னான்.

"தெரியும்ண்ணா. நாலு கூட்டணும். அன்னிக்கே நீ கட்டன காயிலயும் எண்ணிப் பாத்துட்டேன்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது! நினைத்திருந்தால் எதிரில் கடை போட்டிருக்கலாம். ஊர் முழுக்கச் சொல்லி என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எஸ்தர் பக்கம் திரும்பி, "பாப்பா, அந்த மோட்டார அனுப்பாத. நோட்டுல எதோ தப்பா எழுதிக் கீது. வா, ரெண்டு பேருமா பிரிச்சிக் கட்லாம்" என்றான். என் மகள் முன்னால் என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றினான். நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். மோட்டார் ஒருநாள் தாமதமாகப் போனது. இன்றைக்கும் ஓடுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. முதல் வேலையாக எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சனிக்கிழமைதோறும் தேவா வருகிறான். நான் சரியான சுற்று எண்ணிக்கையைச் சொல்கிறேன், அவன் சரி பார்க்கிறான், அவள் திருத்துகிறாள். கடைக்கே வந்துவிடு, பாதி உன்னுடையது என்று கெஞ்சினேன். "வேணாம்ண்ணா, பாப்பாக்குக் கத்துக்குடுக்கறேன், அது போதும்" என்றுவிட்டான். என் ஜெபம் கேட்கப்பட்டது, உயிர்கள் தப்பின, அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். தம்பியின் பன்னிரண்டு வருஷத்தைத் திருத்த மட்டும் என்னிடம் பேனா இல்லை. அம்மா இருக்கும்போதே செய்திருக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு கடையையோ நிலத்தையோ விட்டுப்போக இருக்கிறவர்களே, நீங்கள் பூட்டி வைத்திருப்பதை வாய் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பயமாக இருந்தால் முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பேச நாக்கில்லாத என் ஜெபத்தையே அவர் கேட்டார், உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.

நோட்டு இப்போது அப்பா வைத்த மாதிரியே மேஜைமேல் திறந்து கிடக்கிறது. சனிக்கிழமை மதியம் நான், என் சம்சாரம், எஸ்தர், தேவா சேர்ந்து சாப்பிடுகிறோம். அம்மாவின் இடம் காலிதான். இப்போதும் எங்கள் வீட்டில் நாலு பேர். இந்தத் தடவை தம்பியையும் எண்ணியிருக்கிறேன்.