வெளியே வைத்த செருப்புகள்

எஸ்தர் அக்கா இறந்த செய்தியைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நம் தொழிற்சாலையில்தான் ஷிஃப்ட் முடியும்வரை கைப்பேசி லாக்கரில் இருக்குமே. விடியற்காலையில் மாரடைப்பு. அடக்கம் மாலை நான்குக்கு, காவேரிப்பட்டினத்தில். நான் படித்தபோது மூன்றரை. ஓசூரிலிருந்து போய்ச் சேர முடியாது. ஆனாலும் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் நான்கு தாண்டிவிட்டது; அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

அவருடன் ஒரே உற்பத்தி லைனில் வேலை செய்த உங்களுக்கு அவர் வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபம் தெரியும். ஒரே அறை. தமிழில் தொடங்கும் பாட்டு தெலுங்கில் முடியும். அடுத்த தெருவில் இப்படியொரு ஜெபவீட்டைச் சிலர் மிரட்டிப் பூட்டவைத்த வாரம், செருப்புகளை உள்ளே எடுத்துவந்து கட்டிலுக்கடியில் தள்ளினோம். எத்தனை பேர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. யோசனை என்னுடையது.

அக்கா குனிந்து பார்த்தார். "ஏன் பாப்பா, இது ஜெபமா, கண்ணாமூச்சியா?"

நான் காரணம் சொன்னேன்.

"எனக்கும் பயம்தான். பயந்துகிட்டே ஜெபம் பண்ணலாம், கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. ஒளிஞ்சுகிட்டு பண்ணா எனக்கு வாய் வரல."

பதினொரு ஜோடியையும் அவரே வாசலில் கொண்டுபோய் அடுக்கினார்.

அடுத்த வெள்ளி, ஜெபத்தின் நடுவே, முன்பின் தெரியாத மூன்று ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். எத்தனை பேர், எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார்கள். அக்காவும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் பெயரைச் சொல்லுங்கள், சேர்த்து ஜெபிக்கிறோம் என்றார். நிலைக்கதவைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியதை உள்ளிருந்து பார்த்தேன். மறுபடி வருவோம் என்று சொல்லிப் போனார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினார்.

அதற்கடுத்த வாரம் ஜெபத்துக்கு எட்டுப் பேர்தான் வந்தார்களாம். அந்த எட்டில் நான் இல்லை. ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். அவருக்குத் தெரியும். ஷிஃப்ட் பட்டியலை எழுதுவதே அவர்தான்.

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய தயிரை என் தட்டில் கவிழ்த்தார். "உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணோம். உன் பயத்தைச் சொல்லல. அதை நீதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. அதன்பின் போகவும் இல்லை. அந்த மூவர் திரும்ப வந்தார்களா என்றுகூட விசாரிக்கவில்லை.

இப்போது அவர் வீட்டைக் காலி செய்கிறார்கள். ஜெபத்துக்கு இடமில்லை. உங்களில் ஒருவர் என் அறையைக் கேட்டீர்கள். இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். இன்று காலை வீட்டுக்காரரிடம் பேசினேன். என்ன கூட்டம் என்றார். ஜெபம் என்றேன். பிரச்சினை வருமா என்றார். வரலாம், எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். குரல் தடுமாறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த நடுக்கம். அதை வைத்துக்கொண்டே பேச முடிகிறது.