கேட்டுக்குள் மாட்டிக்கொண்ட அம்மன்

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம் ஒரு வேப்பமரம் இருந்தது. நெய்வேலியில் வேப்பமரம் இல்லாத குவார்ட்டர்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இது டவுன்ஷிப்புக்கு முந்தைய மரம். அடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள். அங்கிருந்த ஊரைக் காலி செய்து பிளாக்குகள் கட்டியவர்கள், எதற்கோ பயந்து மரத்தையும் கற்களையும் தொடாமல் விட்டு, சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் அந்த வீடு அப்பாவுக்கு அலாட் ஆனபோது, கூடவே ஓர் அம்மனும் அலாட் ஆனதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

முதல் ஆடி மாதத்தில் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஷிஃப்ட் பஸ் போன பிறகு, பம்பைச் சத்தத்தோடு ஒரு கூட்டம் பின்கேட்டில் வந்து நின்றது. டவுன்ஷிப்புக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட பழைய ஊர்க்காரர்கள். முன்னால் கூழ்ப்பானையுடன் நின்ற பெண்ணை எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு.

"கேட்ட தொறங்கம்மா, ஆத்தாளுக்குக் கூழு ஊத்தணும்" என்றார்.

அம்மா மிரண்டுபோய்த் திறந்துவிட்டாள். அவர்கள் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூழ் ஊற்றினார்கள், சேவல் அறுத்தார்கள், இடத்தைக் கழுவிவிட்டுப் போனார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். அம்மா அன்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். ஆனாலும் ஒவ்வோர் ஆடியிலும் முணுமுணுத்துக்கொண்டே கேட்டைத் திறந்தாள்.

எங்கள் பிளாக்கின் நலச்சங்கச் செயலாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு, நம் தெருவுக்குள்ளேயே பாரதம் இருக்கிறது என்று பேசுவார். மலையாளி, தெலுங்கர், வங்காளி, பஞ்சாபி என்று விரல்விட்டு எண்ணுவார். கை தட்டுவோம். எந்த மண்ணில் நின்று எண்ணினாரோ அந்த மண்ணின் ஆட்கள் அவர் விரல்களில் ஒருநாளும் வந்ததில்லை. அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, அதனால் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஓர் ஆடிக்கு முன்பு அவர் அந்தப் பெண்ணையும் அவர் கணவரையும் எங்கள் வீட்டுக்கே வரவழைத்துப் பேசினார். டவுன்ஷிப்பில் பெரிய கோயில் இருக்கிறது. அங்கேயே கூழ் ஊற்றலாம், எல்லோரும் சேர்ந்து கும்பிடலாம். சேவல் மட்டும் வேண்டாம். "நீங்க தனி, நாங்க தனின்னு எதுக்கும்மா? எல்லாரும் ஒண்ணாக் கலந்துட்டா நாட்டுக்கே நல்லது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரால் அப்படித்தான் யோசிக்க முடிந்தது.

"நீங்கள்லாம் லீவு போட்டு ரயிலேறி உங்க உங்க சாமிகிட்ட போய்க்கினுதான இருக்கீங்க?" என்றார் அந்தப் பெண். "எங்களுக்கு ரயிலு வேணாங்க. இந்தக் கேட்டு தொறந்தா போதும்."

"அது குலதெய்வம்மா. அது வேற."

"இதுவும் அதாங்க."

செயலாளர் சிரித்துவிட்டு, கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக ஆண்டுதோறும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்பவர் அவர். அம்மாதான் சமையலறை வாசலில் நின்றபடி, நாங்கள் இந்த வீட்டில் இருக்கும்வரை கேட்டைப் பூட்ட மாட்டோம் என்றாள். பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த மூன்று கற்கள் மீது பயம் வந்துவிட்டிருந்தது. செயலாளரையும் பிடிக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பிரமோஷன் வந்து, இரண்டு தெரு தள்ளிப் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். பழைய வீட்டுக்கு வந்தவர்கள் திருச்சிப் பக்கத்துக்காரர்கள். வந்த வாரமே பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அந்த ஆடியில் அந்தப் பெண் எங்கள் புது வீட்டைத் தேடி வந்தார். "கும்பலா உள்ள வரக்கூடாதுன்றாங்கம்மா. சித்திரையில பையனுக்கு அம்ம போட்டுக் கண்ணு தொறக்காம கெடந்தான். ஆத்தா காலடியில படுக்க வெச்சுக் கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கினு இருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

அம்மா ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள், நானும் போனேன். ஊர்க்காரர்கள் பின்கேட்டுக்கு வெளியே பானையோடு காத்திருந்தார்கள். அந்தப் பையன் தன் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் தழும்பு.

வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்ததும் அம்மா சொன்னாள்: "பின்னாடி இருக்கிறது எங்க குலதெய்வம். வருஷா வருஷம் கூழ் ஊத்துவோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயையோ, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வாங்க, வாங்க" என்று அந்த அம்மா ஓடிப்போய்ப் பின்கேட்டின் பூட்டைத் திறந்தார். வெளியே நின்றவர்களைக் கண்டதும் தயங்கினார். "இவங்க?"

"கூட வந்தவங்க" என்றாள் அம்மா.

"அப்ப அவங்க அங்கயே நிக்கட்டும். நீங்க உள்ள வாங்க."

உண்மையைச் சொன்னால் பின்கேட் மறுபடியும் மூடிக்கொள்ளும். அம்மாவுக்கு அது புரிந்தது. எப்படியாவது கூழ் விழுந்தால் போதும் என்று நினைத்திருப்பாள். கையை நீட்டினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பானையைத் தராமல் நின்றார், பிறகு தந்தார்.

அம்மா பானையோடு கற்களுக்கு முன் போய் நின்றாள்.

"பேரு சொல்லிக் கூப்புட்டு ஊத்துங்கம்மா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அம்மாவுக்குப் பெயர் தெரியாது. அத்தனை ஆடிகளில் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. பக்கத்தில் வீட்டுக்கார அம்மா கைகூப்பி நிற்க, சொந்தக் குலதெய்வத்தின் பெயரை யாரிடம் கேட்பது? "தாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊற்றினாள். கூழ் கல்லில் பட்டு அவள் புடவையிலும் தெறித்தது. வீட்டுக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையன் பின்கேட்டின் கம்பிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

வெறும் பானையை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், வீட்டுக்கார அம்மா உள்ளே போகும்வரை பொறுத்திருந்தார்.

"அடுத்த வருசமும் நீங்களே வந்து ஊத்திடுங்கம்மா. உங்க சாமின்னீங்க, ஒடனே தொறந்துட்டாங்க. எங்க சாமின்னு நாங்க எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கோம்."

பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பம்பைக்காரர் அன்று அடிக்கவே இல்லை.

வழியெல்லாம் அம்மா அழுதாள். எனக்கு அவள் மீது பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"நல்லதுக்குத்தானே சொன்னேன்?" என்றாள்.

"செயலாளரும் நல்லதுக்குத்தான் சொன்னார்" என்றேன்.

அம்மா புடவையில் தெறித்துக் காய்ந்திருந்த கூழை நகத்தால் சுரண்டிக்கொண்டே நடந்தாள்.