உலகச் சிலம்பு

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போயிருந்தேன். ஒரு கடை வாசலில் துணி விளம்பரம் கட்டியிருந்தார்கள்: 'இலவச கன் பரிசோதனை'. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழியோடு விட்டுவிட்டார்கள். கூட வந்த பேரன், "தாத்தா, இங்க துப்பாக்கி செக் பண்றாங்களா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எழுத்துப் பிழையைப் பற்றி வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் எழுதிய ஒரு விளம்பரத்தை நம்பி, அந்தக் காலத்தில் ஒரு கூட்டமே கம்போடு வந்து நின்றிருக்கிறது.

முப்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் படித்த கல்லூரி, பெயர்ப்பலகையில் மட்டும்தான் கல்லூரி. மாடியில் ஒரு நீளக் கூடம், ஓரமாகச் சில தட்டச்சு யந்திரங்கள், சுருக்கெழுத்துப் பாடத்துக்கு ஒரு கரும்பலகை. கீழே வெங்காய மண்டி. அந்த வாடை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்து பாடம் கேட்கும். கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்கு ஆசைப்பட்ட பையன்கள்தான் எல்லோரும். பாதிப் பேர் ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைகள், மற்றவர்கள் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் ரயிலில் வந்தவர்கள். இன்றைக்கும் வெங்காய மூட்டையைக் கண்டால் நான் ஆங்கிலம் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

எங்கள் பிரின்சிபால் யாழ்ப்பாணத்துக்காரர். கிராணிக்கு நல்ல கையெழுத்து மட்டும் போதாது, உலகமும் தெரிய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காக மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கூடத்தில் 'சிம்போசியம்' என்று ஒரு விவாத மேடை நடத்துவார். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஆயுதக் குறைப்பு, கள்ளுக்கடை, பெண்களுக்கு ஓட்டு என்று எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. ஜப்பான்காரன் மஞ்சூரியாவுக்குள் நுழைந்ததை ஒரே சாயங்காலத்தில் கண்டித்துத் தீர்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரசஞ்சோறு சாப்பிட்டோம். உலக சமாதானத்தைப் பற்றிப் பேசும்போது முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதில் எங்கள் பேச்சுக்கு எவ்வளவு பங்கு, வெங்காயத்துக்கு எவ்வளவு என்று நாங்கள் ஆராயவில்லை.

பிரின்சிபாலின் விதிகள் கண்டிப்பானவை. எந்தக் கட்சிக்குப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். ஆங்கிலத்தில் பேசி முடித்தவர், ஊர்க்காரர்களுக்காக அதன் சாரத்தைத் தமிழிலும் சொல்ல வேண்டும். கடைசியில் கேள்வி நேரம். கேட்கிறவர் எழுந்து நின்று, பேசியவன் பொடியனாக இருந்தாலும், 'ஐயா' என்று மரியாதையாக அழைத்துக் கேட்க வேண்டும். தாடி முளைக்காத எங்களை மாமா வயதுக்காரர்கள் ஐயா என்பதில் எங்களுக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது.

அப்போதுதான் ஸ்லம்ப் வந்தது. பெரிய விலை வீழ்ச்சிக்குத் துரைமார் வைத்த பெயர் அது. கித்தா என்கிற ரப்பரின் விலை படுத்துவிட்டது, லம்பம் என்கிற ஈயச் சுரங்கங்கள் மூடின. ரயில்வேயிலும் தண்டவாளம் பார்க்கும் கேங்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். வேலை போனவர்களைச் சர்க்கார் செலவில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். குவாட்டர்ஸில் யார் வீட்டுக்கு முன்னால் கங்காணி நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் வேலை போன சேதிதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த மாதத் தலைப்பும் அதுவேதான்: உலக ஸ்லம்ப், அதனால் வேலையிழந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவது சரியா? சரி என்று பேச வேண்டிய சீட்டு என் நண்பன் சண்முகத்துக்கு விழுந்தது. அவன் அப்பா முனியப்பன் தண்டவாள கேங்கில் வேலை பார்த்தவர். அந்த கேங்கும் குறைப்பில் போகலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சண்முகத்துக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. சீட்டை மாற்றித் தரச் சொல்லி பிரின்சிபாலிடம் கெஞ்சினான். அவர் மசியவில்லை. மனசுக்குப் பிடிக்காததைப் பேசப் பழகுவதுதான் கல்வி என்றார். 'எப்படியும் எங்கப்பா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாரு' என்று சண்முகம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

விளம்பரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் தமிழ் படித்த லட்சணம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் தமிழ்ப்பற்று மட்டும் ஏராளம். 'ஸ்' என்ற எழுத்தே கூடாது என்று தீர்மானித்து, பெரிய எழுத்தில் 'உலகச் சிலம்பு! அனைவரும் வருக!' என்று எழுதி, பாசார் சந்தை முனையிலும் குவாட்டர்ஸ் தண்ணீர்க் குழாயடியிலும் ஒட்டினேன்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் கம்பு சுற்றுகிறவர்கள். உலகம் பூராவுமிருந்து சிலம்ப வாத்தியார்கள் வரப்போகிறார்கள் என்று நினைத்து வந்திருந்தார்கள். பிரின்சிபால் கம்புகளையெல்லாம் சுவரோரம் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினால், மூன்றாவது வரிசையில் முனியப்பன். ரயில்வே திடலில் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர் அவர். வராமல் இருப்பாரா? சண்முகத்தின் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் அவன் நன்றாகவே பேசினான். 'சர்ப்ளஸ் லேபர்' என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் முனியப்பன் பக்கத்தில் இருப்பவரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டார். பேச்சு முடிந்து கைதட்டல் அடங்கியது. சண்முகம் இறங்கப் பார்த்தான்.

"தமிழிலையும் சொல்ல வேணும் தம்பி," என்றார் பிரின்சிபால்.

சர்ப்ளஸ் லேபருக்குத் தமிழில் என்ன சொல்வது? மிச்சமான ஆட்களா? வேண்டாத ஆட்களா? அவன் அந்த வார்த்தையைத் தேடியது எனக்குத் தெரிந்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "வேலை இல்லாதவங்கள கப்பல்ல ஊருக்கு அனுப்புறது நல்லதுன்னு பேசினேன். எனக்கு விழுந்த சீட்டு அது."

கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். முனியப்பன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். விதி என்னவென்று பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"ஐயா, நேத்து எங்க கேங்குக்கும் சொல்லிட்டாங்க. அந்தக் கப்பல்ல போனா, மறுபடி இங்க வர முடியுங்களா?"

வீட்டில் அவர் அதுவரை இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சண்முகம் மேடையின் விளிம்புக்கு வந்தான். புள்ளிவிவரம், சட்டம், பத்திரிகைச் செய்தி என்று எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கும் பையன் அவன்.

"தெரியாதுப்பா," என்றான்.

"சரிங்க ஐயா," என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்க்கட்சி பேசியதா, யார் ஜெயித்தார்கள், எதுவும் எனக்கு நினைவில்லை. கூட்டம் கலைந்து படியிறங்கும்போது முனியப்பன் என் தோளைத் தொட்டு, "நல்லாப் பேசுறான்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நாளில் அவரும், சண்முகத்தின் அம்மாவும், இங்கேயே பிறந்த இரண்டு தங்கைகளும் கப்பலேறினார்கள். படிப்பு பாதியில் நிற்கக் கூடாது என்று சண்முகத்தை மட்டும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். துறைமுகத்துக்கு நானும் போயிருந்தேன். அப்பா முதுகைத் தட்டிக் கொடுத்தபோதும், படிக்கட்டை இழுத்தபோதும், கப்பல் நகர்ந்தபோதும் அவன் வாயே திறக்கவில்லை. கிள்ளானில் அவனுக்குக் கிராணி வேலை கிடைத்தது. காசு சேர்த்து அவர்களை வரவழைக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் கையில் காசில்லை, இன்னொரு வருஷம் அனுமதி கிடைக்கவில்லை, அப்புறம் ஜப்பான்காரன் இங்கேயே வந்துவிட்டான். முனியப்பன் ஊரில் காலமான சேதி சண்டை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

அந்த மாடியில் உலகத்தின் எத்தனையோ கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொன்னோம். அந்தப் பதில்களில் ஒன்றுகூட இன்று எனக்கு ஞாபகமில்லை. சண்முகமும் போய்ச் சேர்ந்துவிட்டான். தன் அப்பாவை 'அப்பா' என்று அவன் கூப்பிட்டு நான் கடைசியாகக் கேட்டது அந்தக் கூடத்தில்தான். கூடம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.